வயிற்றைக் கீறாமல் முடியுமா? குடல் புற்றுநோய்க்கு இன்றுள்ள சிறிய வழிகள்

மலத்தோடு ரத்தம் போகிறது என்று பரிசோதனைக்குப் போய், உள்ளே இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த பிறகு, குமரி மாவட்டக் குடும்பங்கள் மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “டாக்டரே, கீறாம சரியாக்க முடியாதா? பை வைக்காம முடியாதா?”

சிலருக்கு முழுதாக முடியும். பலருக்குப் பாதி முடியும், அதாவது ஆபரேஷன் உண்டு, பெரிய கீறல் இல்லை. சிலருக்கு முடியாது. யார் எந்த வகை என்பதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கட்டி குடலின் எந்த இடத்தில் இருக்கிறது, குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது. விளம்பரப் பலகையில் இருக்கும் இயந்திரத்தின் பெயர் அதற்குப் பிறகு வருகிற சங்கதி.

‘சிறிய சிகிச்சை’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு வழிகள் புழங்குகின்றன. ஒன்று, அதே பெரிய ஆபரேஷனைச் சிறு துளைகள் வழியாகச் செய்வது. இரண்டு, குடலை வெட்டாமல் கட்டியை மட்டும் உட்பக்கமாக எடுப்பது. மூன்று, மருந்தாலும் கதிர்வீச்சாலும் கட்டியைக் கரைத்துவிட்டு ஆபரேஷனையே தவிர்ப்பது. மூன்றுக்கும் தகுதி வேறு, ஆபத்து வேறு, செலவு வேறு.

பெரிய ஆபரேஷனில் என்ன நடக்கிறது?

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். அதன் கடைசி 15 சென்டிமீட்டர் அளவு மலக்குடல். அது இடுப்பெலும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கிறது. பெருங்குடலில் கட்டி என்றால், கட்டி இருக்கும் துண்டை இரு பக்கமும் நல்ல குடலோடு சேர்த்து வெட்டி, அந்தத் துண்டுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களையும் அவற்றை ஒட்டிய நிணநீர்க் கணுக்களையும் கூடவே எடுத்து, மீதியை இணைக்கிறார்கள். கட்டியிலிருந்து கிளம்பும் புற்றணுக்கள் முதலில் போய்த் தங்கும் இடம் அந்தக் கணுக்கள்தான். குறைந்தது 12 கணுக்களையாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை.

மலக்குடலில் வேலை இன்னும் கடினம். இடம் குறுகல். சிறுநீரையும் தாம்பத்தியத்தையும் ஆளும் நரம்புகள் பக்கத்திலேயே ஓடுகின்றன. இணைத்த இடம் ஆறும்வரை சிலருக்குச் சில மாதங்கள் வயிற்றில் மலம் சேரும் தற்காலிகப் பை வைக்க நேரும். கட்டி ஆசனவாயின் சுருக்குத் தசையையே பிடித்திருந்தால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்து நிரந்தரப் பை வைக்க வேண்டும். 1908-இல் லண்டனின் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்த அந்த ஆபரேஷன் இன்றும் சிலருக்குத் தேவைப்படுகிறது. பை இல்லாமல் தப்பியவர்களிலும் பலருக்கு ஒரு நாளில் பலமுறை மலம் கழிப்பது, அடக்க முடியாமல் ஓடுவது போன்ற தொல்லைகள் நீண்ட நாள் இருக்கும். சிறிய வழிகளை மருத்துவ உலகம் தேடியதற்கு வடு மட்டும் காரணமல்ல. இந்தத் தொல்லைகள்தான் பெரிய காரணம்.

வயிற்று ஆபரேஷன் நம் ஊருக்கு நெடுநாள் பழக்கம். 1838-இல் ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கிவைத்த மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்தது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல், அன்று திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த இந்த ஊரிலேயே தங்கிப் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தார். இரைப்பை, முன்சிறுகுடல் புண்களுக்கு அவர் செய்த ஆபரேஷன்கள் நெய்யூருக்குப் பெயர் வாங்கித் தந்தன. அவர் காலத்தில் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதற்கே அநேகமாக வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. இன்று கத்தி எடுக்குமுன்பே குடலின் உட்புறத்தைக் கேமராவிலும், சுவரின் ஆழத்தை எம்.ஆர்.ஐ. படத்திலும் பார்த்துவிட முடிகிறது. சிறிய வழிகள் எல்லாம் இந்த ‘முன்கூட்டியே பார்ப்பது’ என்பதிலிருந்து பிறந்தவை.

ஆழம்தான் கணக்கு

குடல் சுவரில் உள்ளிருந்து வெளியே நான்கு அடுக்குகள்: உட்சவ்வு, அதன் கீழே ரத்த நாளங்களும் நிணநீர் நாளங்களும் ஓடும் மெல்லிய அடுக்கு, பிறகு தசை, கடைசியில் வெளியுறை. கட்டி உட்சவ்வில் முளைக்கிறது. நாளாக ஆகக் கீழே இறங்குகிறது.

மரத்தில் கறையான் ஏறியதை நினைத்துக்கொள்ளலாம். மேல்பட்டையோடு நின்றிருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். உள்மரத்துக்குப் போய்விட்டால் கிளையையே வெட்ட வேண்டும்.

உட்சவ்வைத் தாண்டாத கட்டி கணுக்களுக்குப் பரவுவதில்லை என்றே சொல்லலாம். இரண்டாவது அடுக்குக்கு இறங்கினால், பத்தில் ஒருவருக்கு அளவில் கணுக்களுக்கும் போயிருக்கும். தசைக்குள் புகுந்தால் ஐந்தில் ஒருவருக்கு. கணுவில் புற்றணு இருக்க வாய்ப்புள்ள ஒருவருக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினால், கட்டி போய் நோய் தங்கிவிடும். “சின்னதா எடுத்தா போதாதா?” என்ற கேள்விக்கு மருத்துவர் உடனே பதில் சொல்லாமல் ஸ்கேன், சதை டெஸ்ட் என்று இழுப்பதன் காரணம் இதுதான்.

மருத்துவ அறிக்கைகளில் ‘டி1’, ‘டி2’, ‘டி3’, ‘டி4’ என்று எழுதப்படுவது இந்த ஆழத்தைத்தான். ‘என்’ என்ற எழுத்து கணுக்களையும், ‘எம்’ என்ற எழுத்து கல்லீரல், நுரையீரல் போன்ற தூர உறுப்புகளுக்குப் பரவியதையும் குறிக்கும். நோயாளியின் வீட்டில் ஒருவராவது இந்த மூன்று எழுத்துகளின் எண்ணைத் தெரிந்துவைத்திருந்தால், அடுத்து வரும் பேச்சு பாதி புரிந்துவிடும்.

குழாய் வழியாகவே எடுப்பது

குடலின் உள்ளே முளைக்கும் சிறு சதை வளர்ச்சிக்குப் பாலிப் என்று பெயர். குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் பாலிப்பாக இருந்தவை. அது புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும், பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக் குழாய் வழியாகக் கம்பிக் கண்ணியை விட்டுப் பாலிப்பை வெட்டியெடுத்துக் காட்டினார்கள். அதுவரை அதற்குப் பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது.

இன்று இதில் மூன்று படிகள் உண்டு. காம்புள்ள பாலிப்பைக் கண்ணி போட்டு அறுப்பது எளிய படி. தட்டையாகப் படர்ந்த பாலிப்பின் அடியில் திரவத்தை ஊசியால் செலுத்தி, அதை மேலே தூக்கி அறுப்பது அடுத்த படி. இந்த முறையில் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க முடியும். துண்டுகளாக வந்தால் விளிம்பு சுத்தமா என்று சொல்வது கடினம். அந்தக் குறையைத் தீர்க்க ஜப்பானிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்தது மூன்றாவது படி: நுண்ணிய மின்கத்தியால் கட்டியின் சுற்றளவைக் கீறி, அடியில் உள்ள அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, முழுக் கட்டியையும் ஒரே தகடாக எடுப்பது. இதற்கு மணிக்கணக்கில் நேரம் ஆகும். கைப்பழக்கமும் நிறைய வேண்டும். குடலில் ஓட்டை விழும் ஆபத்தும், பிறகு ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. அதனால் இதை அடிக்கடி செய்யும் மருத்துவரிடம் போவது நல்லது.

கட்டியை எடுத்ததோடு வேலை முடிவதில்லை. எடுத்த தகட்டை நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து நான்கு கேள்விகளுக்குப் பதில் தருவார். புற்று இரண்டாவது அடுக்குக்குள் 1 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறதா? வெட்டிய விளிம்பில் புற்றணு இருக்கிறதா? ரத்த நாளம், நிணநீர் நாளத்துக்குள் புகுந்திருக்கிறதா? அணுக்களின் வகை மூர்க்கமானதா? நான்குக்கும் ‘இல்லை’ என்றால் சிகிச்சை அங்கேயே முடிந்தது. பிறகு கண்காணிப்பு மட்டும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், பின்னால் குடலை வெட்டும் ஆபரேஷன் தேவையா என்று பேச வேண்டிவரும். ஆகவே குழாய் வழியாகக் கட்டி எடுத்தவர்கள் அந்த அறிக்கையை வாங்காமல் வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

ஆசனவாய் வழியாக

கட்டி மலக்குடலில் இருந்தால் கூடுதலாக ஒரு வழி உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கெர்ஹார்டு பூஸ், ஆசனவாய் வழியாக நுழைக்கும் ஒரு உலோகக் குழாய்க் கருவியை உருவாக்கினார். மலக்குடலைக் காற்றால் விரித்து, பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வழியாகப் பார்த்தபடி, கட்டியை மலக்குடல் சுவரின் முழுத் தடிமனோடு வெட்டியெடுத்து, உள்ளேயே தைத்துவிடலாம். கருவி விலை அதிகம் என்பதால் வெகு சில இடங்களில்தான் இருந்தது. 2009 வாக்கில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மருத்துவர்கள், துளை ஆபரேஷனுக்கான சாதாரண லேப்ராஸ்கோப்பிக் கருவிகளையே ஆசனவாய் வழியாகப் பயன்படுத்தும் எளிய முறையைக் கொண்டுவந்தார்கள். லேப்ராஸ்கோப்பி வசதியும் பயிற்சியும் உள்ள இடங்களில் இது இன்று சாத்தியம்.

வயிற்றில் கீறல் இல்லை, பை இல்லை, பெரும்பாலும் சில நாளில் வீடு திரும்பலாம். ஆனால் கணுக்கள் உள்ளேயே இருக்கின்றன. ஆகவே ஆரம்ப நிலைக் கட்டிக்கு மட்டுமே இதை முழுச் சிகிச்சையாகக் கொள்ள முடியும். இதய நோயோ வயது முதிர்வோ காரணமாகப் பெரிய ஆபரேஷனைத் தாங்க மாட்டார் என்று தெரிந்தவர்களுக்கு, ஆபத்தை எடைபோட்டு, கதிர்வீச்சோடு சேர்த்து இதைச் செய்வதும் உண்டு.

துளை ஆபரேஷன்: வெளியே சிறிது, உள்ளே பெரிது

லேப்ராஸ்கோப்பி நமக்கு நன்றாகப் பழகிய சொல். பித்தப்பைக் கல், குடல்வால், கர்ப்பப்பை என்று ஊரில் பலரும் செய்துகொண்டது. 1990-இல் மும்பையில் டெஹெம்டன் உட்வாடியா பித்தப்பைக்கு இம்முறையை இந்தியாவில் தொடங்கினார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் சி. பழனிவேலு, உணவுக்குழாய், கணையம் போன்ற கடினமான உறுப்புகளின் புற்றுநோய்களுக்கும் இதைக் கொண்டுபோய் உலக அளவில் பெயர் பெற்றார்.

குடல் புற்றுநோய்க்கு இதைச் செய்யும்போது ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் நாலைந்து சிறு துளைகளும், வெட்டிய குடலை வெளியே எடுக்க ஒரு சிறு கீறலும்தான் தெரியும். உள்ளே நடப்பது அதே பெரிய ஆபரேஷன்: அதே நீளக் குடல், அதே கணுக்கள், அதே இணைப்பு. இணைத்த இடம் கசியும் ஆபத்தும், மயக்க மருந்தின் ஆபத்தும் அப்படியே உண்டு. தற்காலிகப் பை தேவைப்படும் ஆளுக்குத் துளை ஆபரேஷனிலும் அது தேவைப்படும். “துளை போட்டுச் செய்தால் பை வேண்டாம்” என்று யாராவது சொன்னால் அது தவறு. பை வேண்டுமா என்பதைக் கட்டிக்கும் ஆசனவாய்க்கும் உள்ள தூரமே பெரும்பாலும் தீர்மானிக்கும்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: வலி குறைவு, புண் சீழ்பிடிப்பது குறைவு, எழுந்து நடப்பது சீக்கிரம், பின்னாளில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு குறைவு. துளை வழியாகச் செய்தால் புற்றுநோயை முழுதாக எடுக்க முடியுமா என்ற சந்தேகம் தொடக்கத்தில் இருந்தது. அமெரிக்காவில் 872 பெருங்குடல் நோயாளிகளிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, நோய் திரும்பி வருவதில் இரு முறைக்கும் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. அதே ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு, துளையில் தொடங்கிய ஆபரேஷனைப் பாதியில் திறந்த ஆபரேஷனாக மாற்ற வேண்டியும் வந்தது. அப்படி மாற்றுவது நோயாளியின் பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு. அதைத் தோல்வி என்று நினைக்கத் தேவையில்லை. மலக்குடலில் தீர்ப்பு அவ்வளவு தெளிவாக இல்லை: 2015-இல் வெளியான ஆய்வுகளில் சில இரண்டும் சமம் என்றன, சில அப்படி உறுதி சொல்ல முடியாது என்றன. மருத்துவரின் அனுபவத்துக்கு அங்கே எடை அதிகம்.

ரோபோ ஆபரேஷன் என்றால் ரோபோ தானாகச் செய்வதல்ல. மருத்துவர் பக்கத்தில் உள்ள மேசைமுன் உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி, இயந்திரக் கைகளை இயக்குகிறார். இடுப்பின் குறுகிய குழிக்குள் அந்தக் கைகள் நன்றாகத் திரும்பும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் முதன்முதலாக 2022-இல் சென்னை ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனைக்கு இது வந்தது. ஆனால் மலக்குடல் புற்றுநோயில் சாதாரண லேப்ராஸ்கோப்பியோடு ஒப்பிட்டு 2017-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, திறந்த ஆபரேஷனாக மாற்றும் தேவை ரோபோவால் தெளிவாகக் குறைந்ததாகக் காட்டவில்லை. ரோபோ இல்லை என்பதற்காக நல்ல கைப்பழக்கமுள்ள ஒரு மருத்துவரை விட்டுவிட்டு, நிலத்தை அடகு வைத்துத் தொலைதூரம் ஓட வேண்டியதில்லை.

ஆபரேஷனே இல்லாமல்: காத்திருந்து பார்ப்பது

மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது வழக்கம். நம்மூரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்வது இந்தக் கதிர்வீச்சைத்தான். சிலருக்குச் சுருங்குவதோடு நிற்காமல் கட்டி முழுதாக மறைந்துவிடுகிறது. வெட்டியெடுத்த மலக்குடலை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு புற்றணுகூட இருக்காது. அப்படியானால் எதற்காக வெட்டினோம் என்ற கேள்வி எழுந்தது.

அதைத் துணிந்து கேட்டவர் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்து அறுவை மருத்துவர் ஆஞ்செலிடா ஹப்ர்-காமா. சிகிச்சைக்குப் பிறகு கட்டி முழுதாக மறைந்தவர்களுக்கு அவர் ஆபரேஷன் செய்யாமல் அடிக்கடி வரவழைத்துப் பார்த்துவந்தார். 2004-இல் வெளியான அவருடைய கட்டுரையில் 265 நோயாளிகளில் 71 பேர் இப்படி ஆபரேஷன் இல்லாமல் இருந்தவர்கள். அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். முதலில் பலர் நம்பவில்லை. பிறகு பல நாடுகளின் விவரங்களைத் திரட்டிய ஒரு பதிவேடு 2018-இல் 880 பேரின் கணக்கைத் தந்தது: இரண்டு ஆண்டுகளுக்குள் நான்கில் ஒருவருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்ப முளைத்தது, அநேகமாக எல்லாம் மலக்குடல் சுவரிலேயே, விரலுக்கும் கேமராவுக்கும் எட்டும் இடத்தில். உரிய நேரத்தில் கண்டால் அவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது ஆபரேஷன் செய்ய முடிகிறது.

கதிர்வீச்சையும் முழுக் கீமோவையும் ஆபரேஷனுக்கு முன்பே கொடுத்து முடிக்கும் முறை வந்த பிறகு இந்த வழி இன்னும் அகலமாகியிருக்கிறது. அமெரிக்காவில் 324 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், முதலில் கதிர்வீச்சு, பிறகு கீமோ என்ற வரிசையில் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்று ஆண்டுக்குப் பிறகும் தங்கள் மலக்குடலை இழக்காமல் இருந்தார்கள்.

ஒரு சிறுபான்மைக்கு இன்னும் பெரிய செய்தி உண்டு. மலக்குடல் புற்றுகளில் 5 முதல் 10 சதவீதத்தில், மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் வேலை செய்யாமல் போயிருக்கும். அத்தகைய புற்றுகள் கீமோவுக்கு அவ்வளவாக மசியாது. நோய் எதிர்ப்பாற்றலை அவிழ்த்துவிடும் இம்யூனோதெரப்பி மருந்துக்கு உருகும். 2022-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை ஆறு மாதம் பெற்ற முதல் 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்தது என்று அறிவித்தது. கதிர்வீச்சும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. இந்த வகை மருந்துகளின் விலை மிக அதிகம். ஆனால் இந்தப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, ஏற்கெனவே எடுத்த சதைத் துண்டிலேயே செய்யக்கூடியது. இந்தியாவில் ஐம்பது வயதை எட்டாதவர்களும் குடல் புற்றுநோயோடு நிறையவே வருகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று. பிழை பரம்பரையாக வந்தது என்றால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். இது மலக்குடலுக்கான வழி. மேலே உள்ள பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கதிர்வீச்சு கொடுப்பதில்லை. கதிர்வீச்சுக்கும் விலை உண்டு: இளம் பெண்களுக்குக் கருமுட்டைப் பை செயலிழந்து மாதவிடாய் நின்றுபோகலாம், ஆண்களுக்கும் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், பிள்ளை வேண்டும் என்பவர்கள் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, கட்டி மறைந்துவிட்டது என்று முடிவு செய்வது விரல் சோதனை, கேமரா, எம்.ஆர்.ஐ. மூன்றும் ஒன்றாகச் சொன்னால்தான். ரத்தம் நின்றுவிட்டது, பசி வந்துவிட்டது என்பதை வைத்து வீட்டில் எடுக்கும் முடிவு உயிருக்கு உலை வைக்கும்.

குடல் அடைத்துவிட்டால், பரவியிருந்தால்

வயிறு உப்பி, வாந்தியோடு, காற்றுகூடப் போகாமல் வருபவருக்கு நடுராத்திரியில் அவசர ஆபரேஷன் செய்வது ஆபத்து மிகுந்தது. சிலருக்குக் கேமரா வழியாக அடைத்த இடத்தில் விரியும் உலோக வலைக் குழாயை வைத்து வழி திறந்துவிடலாம். சில நாட்கள் உடம்பைத் தேற்றி, பிறகு நிதானமாக ஆபரேஷன் செய்யலாம். நோய் முற்றிய முதியவருக்கு அந்தக் குழாயே போதுமானதாகவும் இருக்கலாம். குடல் சுவர் கிழியும் ஆபத்து இதிலும் உண்டு.

கல்லீரலில் ஒன்றிரண்டு சிறு கட்டிகள் மட்டும் பரவியிருந்தால், ஸ்கேனில் பார்த்தபடி தோல் வழியாக ஊசியைச் செலுத்தி வெப்பத்தால் எரித்துவிடும் முறை இருக்கிறது. 3 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிகளுக்கு இது வெட்டியெடுப்பதற்கு இணையாக நிற்கிறது. கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றதும் கதை முடிந்தது என்று திரும்பிப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

குமரியிலிருந்து கணக்குப் போட்டால்

இங்கிருந்து பார்க்க, சிகிச்சைக்குப் பல திசைகள் தெரிகின்றன. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நெய்யூரில் புற்றுநோய் சிகிச்சை மையம். எல்லை தாண்டினால், நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில், 1981-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் (ஆர்.சி.சி.). வசதியுள்ளவர்கள் கோவை, வேலூர், சென்னை அடையாறு வரை போகிறார்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தை நாட்களால் பெருக்கிப் பார்க்க வேண்டும். நீண்ட முறைக் கதிர்வீச்சு என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து முதல் ஆறு வாரம், 25 முதல் 28 முறை. குறுகிய முறை என்றால் ஐந்து நாளில் முடியும். அது எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்டுப்பார்க்கலாம். காத்திருந்து பார்க்கும் வழியை எடுத்தவர் முதல் இரண்டு ஆண்டுகள் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா, எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை என்று போக வேண்டும். பிறகு ஐந்து ஆண்டு முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கடலுக்குப் போகிறவருக்கும், ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும் அந்த ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். மகன் வளைகுடாவில் இருக்க, வயதான அம்மா தனியே இருக்கும் வீடுகளில் அழைத்துப்போக ஆள் வேண்டும். ஐந்து ஆண்டு ஒழுங்காக வர முடியாது என்றால், தொடக்கத்திலேயே ஒரு நல்ல ஆபரேஷன் செய்துகொள்வதே பாதுகாப்பு. கத்தியைத் தவிர்ப்பவர் கண்காணிப்பை ஏற்றுக்கொண்டே தீர வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். எந்த முறை அதில் அடங்கும், எந்தப் பரிசோதனைக்குக் கைக்காசு போட வேண்டும், கேரள மருத்துவமனையில் அட்டை செல்லுமா என்பதையெல்லாம் சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

சிறிய சிகிச்சை வேண்டுமானால் சிறிய கட்டியாக இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். 2023-இல் தமிழக அரசு வீட்டு வாசலிலேயே புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் குமரியும் ஒன்று. ஆனால் அது வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்குத்தான். குடல் புற்றுநோய்க்கு யாரும் வீடு தேடி வரப்போவதில்லை. நாமாகப் போக வேண்டும். மலத்தில் ரத்தம் என்றாலே மூலம் என்று முடிவு கட்டி, மூல பவுத்திரப் பலகை மாட்டிய இடங்களிலும் லேகியத்திலும் மாதங்களைக் கழிப்பதுதான் இங்கே பெரிய இழப்பு. அந்த மாதங்களில்தான் கட்டி ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு இறங்குகிறது. மூலம் இருக்கும் ஆளுக்கும் புற்றுநோய் வரலாம். சில வாரங்களாக மலப்பழக்கம் மாறியிருந்தால், காரணம் தெரியாமல் ரத்தசோகை இருந்தால், எடை குறைந்தால், முதலில் மருத்துவரின் விரல் சோதனை, பிறகு தேவைப்பட்டால் கொலோனோஸ்கோப்பி. நெருங்கிய உறவில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமலே போக வேண்டும்.

மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

1. கட்டி பெருங்குடலிலா, மலக்குடலிலா? ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்?

2. டி, என், எம் எண்கள் என்ன? மலக்குடல் என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா?

3. மரபணுப் பிழை திருத்தும் புரதங்களுக்கான பரிசோதனை சதைத் துண்டில் செய்யப்பட்டதா?

4. குழாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ மட்டும் எடுக்க எனக்குத் தகுதி உண்டா? இல்லையென்றால் எந்தக் காரணத்தால்?

5. துளை ஆபரேஷன் என்றால், இதைப் போன்றவற்றை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?

6. பை தேவைப்படுமா? தற்காலிகமா, நிரந்தரமா? அதைப் பராமரிக்கக் கற்றுத்தர ஆள் உண்டா?

7. அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் மூவரும் சேர்ந்து பேசி எடுத்த முடிவா இது?

8. முடிந்த பிறகு எத்தனை ஆண்டு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நான் வர வேண்டும்?

இந்தப் பதில்களை எழுதிய தாளோடு இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் ஓரிரு வாரம் அதற்காகச் செலவழிப்பதால் நோய் ஓடிவிடாது. குடல் அடைப்போ கடும் ரத்தப்போக்கோ இருந்தால் மட்டும் அந்த அவகாசம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அப்போதே போய்விட வேண்டும்.